புரை போகவில்லை, உள்ளேதான் கிடக்கிறது: கண்புரையைத் தள்ளிவிடும் பழைய சிகிச்சையும் அதன் ஆபத்துகளும்

வடக்கு நைஜீரியா, மாலி, நைஜர், யேமன் போன்ற இடங்களின் சிற்றூர்களில் இன்றும் நடந்துவரும் ஒரு சிகிச்சை இது. கண்புரையால் பார்வை மங்கிய முதியவர் ஒருவர் தரையில் உட்கார்ந்திருப்பார். ஊர் ஊராகச் செல்லும் வைத்தியர் எதிரில் அமர்ந்துகொள்ள, பின்னாலிருந்து ஒருவர் முதியவரின் தலையை அசையாமல் பிடித்துக்கொள்வார். மரத்துப்போகச் செய்யும் மருந்து எதுவும் கிடையாது. கண்ணின் வெள்ளைப் பகுதியில் ஊசியையோ கூர்மையான முள்ளையோ செருகி, உள்ளே இருக்கும் எதையோ வைத்தியர் கீழ்நோக்கி அழுத்துவார். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். பிறகு அவர் தம் விரல்களை நீட்டி "எத்தனை?" என்று கேட்பார், அதுவரை வெளிச்சம் எது, இருட்டு எது என்று மட்டுமே அறிந்திருந்த முதியவர் எண்ணிச் சொல்லிவிடுவார். சுற்றி நிற்பவர்கள் கண்ணெதிரே நடந்த அற்புதமாக அதைக் காண்பார்கள்.

அந்தப் பார்வை பொய்யன்று. முதியவருக்கு உண்மையாகவே விரல்கள் தெரிந்தன. இச்சிகிச்சையின் ஆபத்தைப் புரிந்துகொள்வதில் உள்ள சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. பலன் அன்றே தெரிந்துவிடுகிறது. கேடு சில நாள்கள் கழித்தோ, சில மாதங்கள் கழித்தோ, சில சமயம் ஆண்டுகள் கழித்தோதான் வந்து சேர்கிறது. வரும்போது வைத்தியர் அடுத்த ஊரையும் தாண்டிப் போயிருப்பார்.

இம்முறையை ஆங்கில மருத்துவ வழக்கில் 'கவுச்சிங்' என்பார்கள். 'படுக்க வைத்தல்' என்னும் பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பெயரிலேயே முழு விஷயமும் அடங்கியிருக்கிறது: புரை எடுக்கப்படுவதில்லை, கண்ணுக்குள்ளேயே வேறோர் இடத்தில் படுக்க வைக்கப்படுகிறது.

இதை விளங்கிக்கொள்ளப் புரை என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். "கண்ணில் புரை விழுந்துவிட்டது" என்றும் "படலம் படர்ந்திருக்கிறது" என்றும் நாம் பேசும்போது, நல்ல கண்ணின் மேல் ஏதோ ஓர் ஆடை வந்து மூடிக்கொண்டது போன்ற படமே மனத்தில் எழுகிறது. உண்மையில் கண்ணின் மேல் எதுவும் வந்து விழுவதில்லை. கண்மணிக்குப் பின்னால் பிறவியிலிருந்தே இருக்கும் தெளிவான வில்லை, அதாவது கண்ணின் சொந்த லென்ஸ், தன் தெளிவை இழப்பதுதான் புரை. ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் அகலமும் 4 மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தடிப்பும் கொண்ட அந்த வில்லை, பெரும்பாலும் நீரும் புரதமும் சேர்ந்தது. வயது ஏற ஏற அதன் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு ஒளியைச் சிதறடிக்கத் தொடங்குகின்றன. முட்டையின் வெள்ளைக்கரு வெந்து வெளுப்பதை நினைத்துக்கொள்ளலாம். வெந்த முட்டையை மறுபடி பச்சை முட்டையாக்க முடியாதது போலவே, வெளுத்த வில்லையையும் மருந்திட்டுத் தெளிவாக்க முடிவதில்லை. தேன், தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூவின் சாறு என்று எதைச் சொட்டினாலும் புரை கரைவதில்லை என்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த வில்லை ஒரு மெல்லிய உறைக்குள் அமைந்திருக்கிறது. அந்த உறையைச் சுற்றிலும் நூற்றுக்கணக்கான நுண்ணிழைகள், சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளைப் போல, கண்ணின் உட்சுவரோடு இழுத்துக் கட்டியிருக்கின்றன. வில்லைக்கு முன்னால் நீர் போன்ற திரவம் ஓடிக்கொண்டிருக்கும். பின்னால், கண் உருண்டையின் பெரும்பகுதியை, நுங்கின் உட்சதையைப் போன்ற தெளிவான கூழ் ஒன்று நிரப்பியிருக்கும். அதற்கும் பின்னால் விழித்திரை இருக்கிறது. ஊசியைச் செருகி அழுத்தும் வைத்தியர் செய்வது, அந்த நுண்ணிழைகளை அறுத்து, வில்லையை உறையோடு பின்புறக் கூழுக்குள் தள்ளிவிடுவதுதான். ஊசியே இல்லாமல், கண் உருண்டையை வெளியிலிருந்து பலமாக அழுத்தியோ தட்டியோ இழைகளை அறுக்கும் முறையும் உண்டு. எப்படிச் செய்தாலும், மறைத்துக்கொண்டிருந்த வில்லை ஒளியின் பாதையிலிருந்து விலகிக் கீழே போய்விடுவதால், வெளிச்சம் தடையின்றி உள்ளே நுழைகிறது.

அறியாமையால் யாரோ கண்டுபிடித்த முரட்டு வைத்தியம் என்று இதை ஒதுக்கிவிடவும் முடியாது. பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சங்கிதையின் உத்தர தந்திரம் என்ற பகுதி இதை மிக நுணுக்கமாக விவரிக்கிறது. எந்த வகைப் புரைக்கு இதைச் செய்யலாம், வெண்விழியில் எந்த இடத்தில் இரத்தக் குழாய்களைத் தவிர்த்துத் துளைக்க வேண்டும், வலக்கண்ணுக்கு எந்தக் கை, இடக்கண்ணுக்கு எந்தக் கை, முடிந்தபின் நோயாளி தும்மாமலும் இருமாமலும் எப்படிப் படுத்திருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் வரையறை இருக்கிறது. பார்லி மணியின் வடிவில் நுனி அமைந்த கோல் அதற்குரிய கருவி. நம் பழம்பெருமையைப் பேசுவோர் இதுவரை சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அதே நூல், இந்தத் துளைப்பினால் வரக்கூடிய கேடுகளாகச் சிவத்தல், வீக்கம், கடும் வலி தரும் அதிமந்தம் முதலியவற்றையும் வரிசைப்படுத்திச் சொல்கிறது. செய்தவருக்கே ஆபத்து தெரிந்திருந்தது. வேறு வழிதான் அன்று இருக்கவில்லை.

ஐரோப்பாவிலும் இதே முறைதான் 18ஆம் நூற்றாண்டு வரை நடப்பில் இருந்தது. அதற்கு அடிப்படையாக இருந்த எண்ணமே தவறானது. வில்லைக்கு முன்னால் ஏதோ ஒரு நீர் இறங்கி உறைந்து திரையாகிவிடுகிறது என்றும், அந்தத் திரையை ஒதுக்கிவிட்டால் போதும் என்றும் நம்பினார்கள். 1705இல் பிரெஞ்சு மருத்துவரான பிரிசோ, இறந்துபோன ஒரு படைவீரரின் கண்ணை அறுத்துப் பார்த்து, புரை என்பது திரையன்று, வெளுத்துப்போன வில்லையே என்று காட்டினார். தள்ளிவிடப்படுவது தேவையற்ற படலமன்று, கண்ணின் இன்றியமையாத ஓர் உறுப்பு என்று தெரிந்தபின், அதை வெளியே எடுப்பதே முறை என்ற சிந்தனை வலுப்பெற்றது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜாக் தவியேல் என்னும் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அதைத் திட்டமிட்டுச் செய்துகாட்டினார்.

அதே காலத்தில் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயர் கண் வைத்தியராக ஐரோப்பா முழுதும் சுற்றிவந்தார். ஜெர்மானிய இசைமேதை யோகான் செபாஸ்டியன் பாக்குக்கு 1750 மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலுமாக இரண்டு முறை லைப்சிக் நகரில் சிகிச்சை செய்தவர் அவர்தான். பார்வை திரும்பவில்லை, உடல் நலமும் குலைந்து, அதே ஆண்டு ஜூலை 28 அன்று பாக் இறந்தார். சில ஆண்டுகளுக்குப் பிறகு இன்னோர் இசைமேதையான ஹாண்டலுக்கும் டெய்லர் சிகிச்சை செய்தார். அவருக்கும் பார்வை கிடைக்கவில்லை. கட்டைப் பல நாள் அவிழ்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, அது அவிழும் முன்பே ஊரை விட்டுப் புறப்படுவது டெய்லரின் வழக்கம் என்பார்கள். நைஜீரியச் சிற்றூரின் நாடோடி வைத்தியருக்கும் அவருக்கும் இடையே உடுப்பிலும் வண்டியிலும்தான் வேறுபாடு.

சரி, இப்படிப் புரை தள்ளப்பட்ட கண்ணுக்குள் அப்படி என்னதான் நடக்கிறது?

முதலில் வருவது தொற்று. கண்ணின் பின்புறக் கூழில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆகவே கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் அங்கே விரைந்து வந்து சேர முடியாது. கிருமி நீக்கப்படாத ஊசி உள்ளே போகும்போது அதன் நுனியில் ஒட்டியிருக்கும் சில கிருமிகளுக்கு, அந்தக் கூழ் விதை முளைக்கக் காத்திருக்கும் சேற்று நிலத்தைப் போன்றது. ஓரிரு நாள்களில் கடும் வலி, இமை வீக்கம், சீழ், பார்வை இருண்டுபோதல் என்று வரிசையாக வரும். அந்த நிலையில் மருத்துவமனைக்கு வந்தாலும், பார்வையை மீட்பதைப் பற்றியன்றி, கண் உருண்டையையாவது காக்க முடியுமா என்பதைப் பற்றியே மருத்துவர் பேச வேண்டியிருக்கும். கண்ணின் உள்ளீட்டை முழுவதும் வெளியேற்றிவிடும் நிலையும் வருவதுண்டு.

தொற்றிலிருந்து தப்பிய கண்ணுக்குக் காத்திருப்பது அழற்சி. வில்லையின் புரதங்கள் கருப்பருவம் தொட்டே உறைக்குள் மூடப்பட்டுக் கிடப்பவை. உடலின் எதிர்ப்பு ஆற்றல் அவற்றோடு பழகியதே இல்லை. ஊசி பட்டு உறை கிழிந்தாலோ, நாளடைவில் நைந்து கசிந்தாலோ, அந்தப் புரதங்களை உடல் அந்நியப் பொருளாகக் கருதித் தாக்கத் தொடங்குகிறது. கண் சிவந்து, வெளிச்சம் பட்டாலே கூசி, உள்ளே பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மெல்ல மெல்லப் பார்வை அணைகிறது. உறை கிழியாமல் முழுதாகப் போய்க் கிடந்தால், சிலருடைய கண்ணில் வில்லை ஆண்டுக் கணக்கில் தொல்லை தராமலும் இருப்பதுண்டு. "எங்கள் பெரியப்பாவுக்குச் செய்தார்கள், கடைசி வரை நன்றாகப் பார்த்தார்" என்று சொல்லப்படும் கதைகளெல்லாம் பொய்யல்ல. நன்றாகப் பார்த்த பெரியப்பாவின் கதை ஊரில் நிலைக்கிறது. கண்ணை இழந்தவர் திண்ணையில் ஒடுங்கிவிடுகிறார்.

மூன்றாவதாக வருவது கண் நீர் அழுத்த நோய், அதாவது குளுக்கோமா. எனக்குத் தெரிந்தவரை பொதுமக்களுக்கு மிகக் குறைவாக விளங்குவது இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். கண்ணின் முன்பகுதியில் இடைவிடாது திரவம் சுரந்து, கருவிழியின் ஓரத்தில் உள்ள நுண்ணிய வடிகால் வழியாக வெளியேறிக்கொண்டிருக்கிறது. சுரப்பும் வடிதலும் சமமாக இருக்கும் வரை கண்ணின் உள்ளழுத்தம் சீராக இருக்கும். தள்ளப்பட்ட கண்ணில் இந்த வடிகால் பல வழிகளில் கெடலாம்: கசிந்த புரதமும் அதைத் தின்று பருத்த அணுக்களும் அதை அடைக்கலாம், அழற்சியால் அது ஒட்டி மூடிக்கொள்ளலாம், பலமாக அழுத்தியதில் அந்தப் பகுதியே கிழிந்திருக்கலாம். எல்லாவற்றையும்விட விந்தையானது, வில்லையே எழுந்து வருவது. அது எதிலும் கட்டப்படாமல் கூழுக்குள் மிதப்பதால், நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்தால் கீழே போகும். மல்லாந்து படுத்தால் விழித்திரையின் மேல் போய் அமரும். குனிந்தாலோ குப்புறப் படுத்தாலோ முன்னால் மிதந்து வரும். நிமிர்ந்திருக்கும்போது தெரிந்த உருவம் குனிந்தவுடன் மறைகிறது என்று நோயாளிகள் சொல்வதன் காரணம் இதுவே. அப்படி வரும் வில்லை சில வேளைகளில் கண்மணியின் வழியே நழுவி முன்னறைக்குள் விழுந்து சிக்கிக்கொள்ளும். திரவத்தின் பாதை ஒரேயடியாக அடைபட்டு, அழுத்தம் மிக வேகமாக ஏறி, தலையைப் பிளப்பது போன்ற வலியும் வாந்தியும் உண்டாகும். அழுத்தம் நீடித்தால் பார்வை நரம்பு பட்டுப்போகும். விழித்திரைக்கும் மூளைக்கும் இடையே உள்ள அந்த நரம்பு ஒருமுறை பட்டுப்போனால் எந்த மருத்துவராலும் மீட்டுத் தர முடியாது.

இத்தகைய கண்ணை விளக்குப் பொருத்திய நுண்ணோக்கியில் பார்க்கும்போது, கண்மணியைச் சுற்றியுள்ள நிறத்திரை, கண் அசையும் ஒவ்வொரு முறையும் காற்றில் ஆடும் திரைச்சீலை போல நடுங்குவதைக் காணலாம். பின்னாலிருந்து அதைத் தாங்கிக்கொண்டிருந்த வில்லை அங்கே இல்லை என்பதற்கு அடையாளம் அது.

விழித்திரையும் தப்புவதில்லை. ஊசி கூழைக் கலைக்கும்போது உண்டாகும் இழுவையால் விழித்திரை கிழிந்து, பின்புறச் சுவரிலிருந்து கழன்று வரலாம். உள்ளே இரத்தம் கசிந்து கூழ் முழுவதும் கலங்கலாம். மிக அரிதாக நேர்வதாயினும் மிகக் கொடிய விளைவு ஒன்றும் உண்டு: காயம்பட்ட கண்ணின் திசுக்களுக்கு எதிராகக் கிளம்பும் உடலின் எதிர்ப்பு ஆற்றல், ஊசியே படாத மறு கண்ணையும் தாக்கிவிடும். ஒரு கண்ணுக்குச் செய்துகொண்ட வைத்தியம் இரு கண்களையும் பறிப்பது இப்படித்தான்.

இவை எதுவுமே நேரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பார்வை முழுமையாகாது. கண்ணின் குவிக்கும் ஆற்றலான ஏறத்தாழ 60 டயாப்டரில் (டயாப்டர் என்பது லென்ஸின் ஆற்றலை அளக்கும் அலகு) மூன்றில் ஒரு பங்கு வில்லைக்குரியது. அது இடம் மாறிவிட்டால் வெளிச்சம் வரும், உருவம் தெளியாது. விரல்களை எண்ணலாம், முகத்தை அடையாளம் காண்பது கடினம். ஈடுகட்ட ஏறத்தாழ பிளஸ் 10 அளவுள்ள தடித்த கண்ணாடி வேண்டும். கண்ணுக்குள்ளேயே பொருத்தும் செயற்கை லென்ஸான உள்வைப்பு லென்ஸ் பரவலாவதற்கு முன் நம் ஊர்களிலும் புரை அறுவை செய்துகொண்ட முதியவர்கள் அணிந்திருந்த சோடாப்புட்டிக் கண்ணாடி அதுதான். பொருள்கள் கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரிவதால் படியில் கால் வைக்கத் தடுமாறுவார்கள். நாடோடி வைத்தியர் அந்தக் கண்ணாடியைக்கூடக் கொடுப்பதில்லை.

நைஜீரியாவில் 2005 முதல் 2007 வரை நாடு முழுதும் நடத்தப்பட்ட பார்வையிழப்புக் கணக்கெடுப்பில், புரைக்கு ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருந்த கண்களில் ஐந்தில் இரண்டுக்கும் மேற்பட்டவை இப்படித் தள்ளப்பட்டவையாக இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை பார்வையற்ற கண்களாகவே முடிந்திருந்தன.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1819இல் தொடங்கப்பட்ட சென்னைக் கண் மருத்துவமனையில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்காணிப்பாளராக இருந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட். நாட்டு வைத்தியர்களிடம் புரையைத் தள்ளிக்கொண்டு, பார்வை கெட்ட பின் அவரது மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்கள் பலர். அந்தக் கண்களைச் சோதித்தும், அகற்றப்பட்ட கண்களை அறுத்து ஆராய்ந்தும், இம்முறை எவ்வெவ்வாறு கண்ணை அழிக்கிறது என்பதை 1918இல் ஒரு முழு நூலாகவே எழுதினார். இதே எலியட்தான் பிற்காலத்தில் லண்டன் மாயவித்தைக் கலைஞர்களின் சங்கத்தில் ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கி, இந்தியக் கயிற்று வித்தை வெறும் கட்டுக்கதை என்று வாதிட்டவர். கண்ணெதிரே நடப்பது போலத் தோன்றுவதை ஐயுற்று நோக்கும் பழக்கம் அவருக்குச் சென்னையிலேயே வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

பின் ஏன் மக்கள் இன்னும் இதை நாடுகிறார்கள் என்றால், அதை மூடநம்பிக்கை என்ற ஒரே சொல்லில் அடக்குவது நியாயமாகாது. மருத்துவமனை நெடுந்தொலைவில் இருக்கும். வைத்தியர் வாசலுக்கே வருவார். மருத்துவமனையில் காத்திருப்பும் பயணச் செலவும் துணைக்கு ஒருவரின் கூலி இழப்பும் உண்டு. வைத்தியர் தானியமாகவோ தவணையாகவோ வாங்கிக்கொள்வார். கத்தி என்றால் அச்சம். ஊசி என்றால் சிறியது. மதுரையில் 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஊர்களுக்கே சென்று முகாம் நடத்தி, நோயாளிகளை வண்டியில் அழைத்துவந்து, ஏழைகளுக்குக் கட்டணமின்றி அறுவை செய்து, திரும்பக் கொண்டுபோய் விட்டதன் முக்கியத்துவம் இங்கே விளங்கும். 1992இல் அதன் பகுதியாகத் தொடங்கிய அரோலேப் உள்வைப்பு லென்ஸைக் குறைந்த விலையில் செய்யத் தொடங்கியதும் இந்த வழியில்தான்.

இன்றைய அறுவையில் உறையின் முன்பக்கத்தில் ஒரு வட்டத் திறப்பு செய்து, வெளுத்த வில்லையைத் துண்டாக்கி உறிஞ்சியோ, சிறு கீறல் வழியே முழுதாகவோ வெளியே எடுத்துவிட்டு, அந்த உறைக்குள்ளேயே செயற்கை லென்ஸைப் பொருத்துகிறார்கள். 1949இல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி முதன்முதலாகச் செய்த உள்வைப்பின் வழிவந்தது இது. இந்த அறுவையிலும் ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். தொற்று இங்கும் நேரலாம். ஆனால் முறையாக நடக்கும் மருத்துவமனைகளில் அது ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவிலோ அதற்கும் குறைவாகவோதான் நேர்கிறது. நேர்ந்தால் கண்டுபிடித்து மருந்து தர ஆள் இருக்கிறது, மறுநாளும் மறுவாரமும் வரச் சொல்கிறார்கள்.

தள்ளப்பட்ட கண்ணில் இந்த எளிய அறுவைக்கான வாய்ப்பே பறிபோய்விடுகிறது. வில்லை விழித்திரையின் மேல் கிடப்பதால், பின்புறக் கூழை வெட்டி எடுக்கும் தனிக் கருவிகளும் அதில் பயிற்சி பெற்ற விழித்திரை மருத்துவரும் தேவை. செயற்கை லென்ஸைத் தாங்கிப் பிடிக்க உறையும் இல்லாததால், அதை வெண்விழிச் சுவரில் தைத்தோ வேறு வகையில் மாட்டியோ நிறுத்த வேண்டும். எந்த ஊர்களில் வைத்தியர் ஊசியோடு வருகிறாரோ, அந்த ஊர்களுக்கு எட்டாத தொலைவில்தான் பெரும்பாலும் இந்த வசதி இருக்கிறது.

ஏற்கெனவே இச்சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் இப்போது நன்றாகப் பார்க்கிறார் என்றாலும், அவருடைய கண் அழுத்தத்தையும் விழித்திரையையும் கண் மருத்துவர் ஒருவர் குறித்த இடைவெளிகளில் சோதித்து வர வேண்டும். அந்தக் கண்ணிலோ மறு கண்ணிலோ சிவப்பு, வலி, கூச்சம், குனியும்போது மறைப்பு, திடீர்க் கறுப்புப் புள்ளிகள், ஓரத்தில் திரை விழுந்தது போன்ற தோற்றம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். போகும்போது எந்தக் கண்ணில், எப்போது, எதைக் கொண்டு தள்ளினார்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.